மானுக்கும் இலக்குப் பலகைக்கும் ஒரே தோட்டா போதுமா?

நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு முன்பதிவு செய்தால், "எந்தத் தோட்டா போடும் ரைஃபிளை எடுத்து வைக்கட்டும்?" என்று வழிகாட்டி கேட்பார். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களில் பலர் அந்த நேரத்தில் இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் படித்துவிட்டு, காதில் விழுந்த பெயர்களில் பெரியதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சண்டைகள் வீட்டில் நாலைந்து ரைஃபிள் வைத்துக்கொண்டு, வாராவாரம் சுட்டு, தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்களின் சண்டைகள். நம் நிலைமை வேறு. இங்கே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் காவல்துறையின் உரிமம் வேண்டும். சுடுவதென்றால் கழகத்தில் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற தளத்தில்தான். மண்டாய்ப் பக்கம் கடமான் உலவினாலும் அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. ஆக, வேட்டையில் நம் கைக்கு வருவது இரவல் ரைஃபிள், கடையில் வாங்கிய தோட்டா, கிளம்பும்முன் கிடைத்த கொஞ்சம் பயிற்சி. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

முதலில் குண்டு. பேச்செல்லாம் .308, 6.5 என்று தோட்டாவின் பெயரிலேயே நடக்கிறது (அந்த எண் ஏறத்தாழ குண்டின் விட்டம்: புள்ளியில் தொடங்கினால் அங்குலத்தில், இல்லையென்றால் மில்லிமீட்டரில்). ஆனால் மானைச் சாய்ப்பது, மருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டின் நுனியில் செருகியிருக்கும் குண்டு. ஒரே .308 தோட்டாவில் வேட்டைக்கான குண்டும் வரும், போட்டிக்கான குண்டும் வரும். இரண்டும் ஒரே ரைஃபிளில் சுடும், ஆனால் உடலுக்குள் போனபின் இரண்டும் செய்யும் வேலை முற்றிலும் வேறு.

வேட்டைக் குண்டு தோலைத் துளைத்ததும் நுனி மலர்ந்து, ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு அகலமாகி, இரண்டு நுரையீரலையும் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். மறுபக்கத் துளை இருந்தால் ரத்தத் தடம் தெளிவாக விழும். புதருக்குள் ஓடிய மானைத் தேடுவதற்கு அதைவிட நல்ல துணை இல்லை. போட்டிக் குண்டின் நுனியிலும் சின்னத் துளை இருக்கும், அதைப் பார்த்து "இதுவும் மலரும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் துளை மலர்வதற்காக வைத்ததல்ல. குண்டின் அடிப்பகுதி சீராக அமைய வேண்டும் என்பதற்காக உறையைப் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்துச் செய்கிறார்கள், அதில் நுனியில் மிஞ்சுவது அது. மான்மீது பட்டால் ஒன்று, ஊசி போல மெல்லிய துளை போட்டுவிட்டு வெளியே போய்விடும், மான் வெகுதூரம் ஓடிப்போய் வேதனைப்பட்டுச் சாகும். அல்லது தோள் எலும்பில் மோதித் துண்டு துண்டாகி உள்ளே போகாமல் நின்றுவிடும். இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் ஆபத்து. குண்டு தயாரிக்கும் சியரா நிறுவனம் தன் மேட்ச்கிங் என்ற போட்டிக் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. பெட்டியில் 'மேட்ச்' என்று எழுதியிருந்தால் அது காகிதத்துக்கு. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

குண்டு மலர்வதற்கு வேகம் வேண்டும். ஈய உள்ளீடும் பிளாஸ்டிக் நுனியும் உள்ள பெரும்பாலான வேட்டைக் குண்டுகளுக்கு, படும் இடத்தில் நொடிக்கு 550 மீட்டருக்குக் குறையாத வேகம் இருக்க வேண்டும். முழுச் செம்புக் குண்டுக்கு 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்த வேகம். நியூசிலாந்தில் பல ரைஃபிள்களின் குழலை 16, 18 அங்குலத்துக்கு வெட்டி ஒலியடக்கி பொருத்தியிருப்பார்கள், அங்கே அது சட்டப்படியானது, காதுக்கும் நல்லது. ஆனால் குழலில் ஒரு அங்குலம் குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் போகும். 18 அங்குலக் குழலில் 860 என்று எழுதியிருப்பது 810 ஆகிவிடும். 200 மீட்டரில் இதனால் குறையொன்றும் இல்லை, 450 மீட்டரில் உண்டு.

இனி தோட்டாக்கள். கருத்தில் கொள்ள வேண்டியவை பெரும்பாலும் ஒரே குடும்பம். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் மூத்தது. அதன் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி 1955இல் .243 வின்செஸ்டரும், 1980இல் 7 மிமீ-08 ரெமிங்டனும் வந்தன. 2007இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் அந்தக் கூட்டின் வாரிசல்ல, ஆனாலும் அடிப்பக்க விட்டம் அதே 12 மிமீ, நீளமும் அதே குட்டைத் தோட்டாக்களுக்கான ரைஃபிளில் அடங்கும்.

.243இல் 100 கிரெய்ன் குண்டு, அதாவது ஆறரை கிராம், நொடிக்கு 900 மீட்டரில் கிளம்பும், ஆற்றல் 2,640 ஜூல். 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன், 823 மீட்டர், 3,140 ஜூல். 7 மிமீ-08இல் 140 கிரெய்ன், 853 மீட்டர், 3,300 ஜூல். .308இல் 150 கிரெய்ன், 860 மீட்டர், 3,590 ஜூல். இதற்குமேல் நீண்ட கூடுகள்: 1925இன் .270 வின்செஸ்டர் 130 கிரெய்னை 933 மீட்டரில் தள்ளி 3,670 ஜூல் தரும், 1906இன் .30-06 180 கிரெய்னில் 3,950 ஜூல், 1963இன் .300 வின்செஸ்டர் மேக்னம் அதே 180 கிரெய்னில் 4,750 ஜூல்.

எண்ணைப் பார்த்ததும் கடைசியில் இருப்பதை எடுக்கத் தோன்றும். அங்கேதான் பின்னுதைப்பு குறுக்கே வருகிறது. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சுடும் பழக்கம் குறைந்தவர் தோட்டாவைத் தோளைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 3.6 கிலோ ரைஃபிளில் பின்னுதைப்பு .243க்கு சுமார் 13 ஜூல், 6.5 கிரீட்மோருக்கு 18, .308க்கு 22, .300 மேக்னத்துக்கு 40. தேசிய சேவையில் நாம் பழகிய 5.56 மிமீ தோட்டா அதே எடையுள்ள ரைஃபிளில் 5 ஜூலைத் தாண்டாது. அந்தச் சேவை ரைஃபிளான எஸ்ஏஆர் 21இல் நன்றாகச் சுட்டோம் என்ற நம்பிக்கையோடு போய் .300 மேக்னத்தின் பின்னால் படுப்பவர் தன் தோள் அறிந்த அடியைப்போல் எட்டு மடங்கு வாங்குகிறார். முதல் குண்டு ஆச்சரியத்தில் சரியாகவே போகும். இரண்டாவதிலிருந்து உடம்பு முந்திக்கொண்டு சுருங்கும், கண் மூடும், விசையை விரல் பிடுங்கும், குண்டு மானின் வயிற்றில் படும். வயிற்றில் பட்ட 4,750 ஜூலைவிட நுரையீரலில் பட்ட 2,640 ஜூல் எவ்வளவோ மேல். மேக்னத்தின் இன்னொரு பரிசும் உண்டு: ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, மிக நெருக்கமாகக் கண்ணை வைத்தால் புருவத்தில் அரைவட்ட வெட்டு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செமீ இடைவெளியாவது இருக்கட்டும்.

சுருங்குகிறோமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பயிற்சித் தளத்தில் கூட வந்தவரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சில சமயம் உண்மைத் தோட்டாவையும் சில சமயம் போலித் தோட்டாவையும் போடச் சொல்லுங்கள். போலி வரும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு குழலின் வாய் கீழே குனிந்தால், அந்த ரைஃபிள் உங்களுக்கு அதிகம்.

அப்படியானால் ஏன் .243ஐயே எல்லோரும் எடுக்கக் கூடாது? ஃபாலோ மான், சிக்கா மான் அளவுக்கு அது நல்ல தோட்டா. மார்ச், ஏப்ரலில் கத்திக்கொண்டு வரும் சிவப்பு மானின் கடா 150 கிலோவைத் தாண்டும். அதன் தோள் எலும்பில் கோணலாகப் பட்டால் ஆறரை கிராம் குண்டுக்கு உள்ளே போக மிச்சம் அதிகம் இருக்காது. மான் பக்கவாட்டில் நின்று, தோளுக்குப் பின்னால் சுடக் கிடைத்தால் மட்டும் சுடுவேன் என்று கட்டுப்பாடு உள்ளவருக்கு .243 போதும். எடுத்தால் 95, 100 கிரெய்ன் வேட்டைக் குண்டைக் கேளுங்கள். அதே தோட்டாவில் 55, 58 கிரெய்னில் நரி, முயலுக்கான மெல்லிய குண்டு விற்கும். அது மானின் தோலுக்குச் சற்று உள்ளேயே வெடித்துச் சிதறிவிடும்.

.223 பற்றியும் கேட்பார்கள், 5.56உடன் அது நெருங்கிய உறவு என்பதால். நியூசிலாந்தில் அதைக்கொண்டு மான் சுடும் உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆண்டு முழுவதும் மலையில் இருப்பவர்கள். 55 கிரெய்னும் 1,740 ஜூலும் நமக்குப் பிழைக்கு இடமே தராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டம் கூடாது, குழல் வாயில் 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல், இருக்க வேண்டும். .223க்கு அங்கே அந்த வழி அடைபட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடமானுக்குப் பல ஆண்டுகள் .270 விட்டமும் 130 கிரெய்னும் குறைந்தபட்ச விதியாக இருந்தன, .264 அங்குலமுள்ள 6.5 கிரீட்மோர்கூட அதில் நுழையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பழைய விதியும் திருத்தப்படும். போகும் ஆண்டின் விதியைப் படித்துவிட்டுத் தோட்டாவைச் சொல்லுங்கள்.

6.5 கிரீட்மோரா, .308ஆ என்பது அடுத்த கேள்வி. "6.5 தட்டையாகப் பறக்கும்" என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். 200 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைத்தால், 6.5இன் 143 கிரெய்ன் குண்டு 100 மீட்டரில் ஏறத்தாழ 6 செமீ மேலே போகும், 300 மீட்டரில் 24 செமீ கீழே விழும். .308இன் 150 கிரெய்ன் குண்டுக்கும் கிட்டத்தட்ட அதே எண்கள், வித்தியாசம் ஒன்றிரண்டு செமீ. மான் சுடும் தூரத்தில் தட்டையான பறப்பு என்பதற்குப் பொருளே இல்லை. வித்தியாசம் காற்றில் வருகிறது. 6.5இன் நீண்ட, ஒல்லியான 140 கிரெய்ன் போட்டிக் குண்டு 600 மீட்டரில் பக்கக் காற்றுக்கு .308இன் 168 கிரெய்ன் போட்டிக் குண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக விலகும். 1,000 கஜத்தில் பழைய 168 கிரெய்ன் குண்டு ஒலிவேகத்தை ஒட்டித் தடுமாறத் தொடங்கும், 6.5 இன்னும் தெளிவாக ஒலிவேகத்துக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். இலக்குச் சுடுதலில் தொலைவை விரும்புகிறவருக்கு 6.5 உண்மையான நன்மை.

ஆனால் போட்டி விதியையும் பார்க்க வேண்டும். படுத்தபடி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப்பால் தொலைவில் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் எஃப்-டிஆர் பிரிவுக்கு .223, .308 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. 6.5ஐ எடுத்துப் போனால் எஃப்-ஓப்பனில், விலையுயர்ந்த கனரக ரைஃபிள்களோடு மோத வேண்டும். இங்கிலாந்தின் பிஸ்லியில் நடப்பது போன்ற, ஸ்கோப் இல்லாமல் தொலைவில் சுடும் ஃபுல்போர் டார்கெட் ரைஃபிள் சுடுதலும் .308, .223 உலகம்தான். அந்த வழியில் போக நினைப்பவர் .308இல் பழகுவதே சரி. குழலின் ஆயுளும் .308க்குச் சாதகம்: நன்றாகப் பராமரித்தால் 5,000 சுற்றுக்கு மேலும் துல்லியம் நிற்கும். 6.5க்கு 2,000 முதல் 3,000 வரை, .243க்கு அதைவிடவும் குறைவு. குறுகிய துளை வழியே கிட்டத்தட்ட அதே அளவு வெடிமருந்து எரிந்து போவதால் குழலின் தொண்டை, அதாவது குண்டு நுழையும் தொடக்கப் பகுதி, சீக்கிரம் தேய்கிறது. இரவல் ரைஃபிள் எடுப்பவருக்கு இது கவலையில்லை, கழகத்துக்குக் கவலை.

7 மிமீ-08 இந்த இரண்டுக்கும் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அருமையான மான் தோட்டா. நியூசிலாந்து வேட்டைக்காரர்களிடம் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. போட்டிக் குண்டுப் பெட்டிகள் அதற்கு அவ்வளவாகக் கிடைக்காது என்பதால்தான் 'ஒரே தோட்டா' என்ற கணக்கில் அது பின்னால் போகிறது. வேட்டை மட்டும் போதும் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

என் தேர்வைக் கேட்டால்: வேட்டையே முக்கியம், இலக்குச் சுடுதல் ஆசைக்கு என்றால் 6.5 கிரீட்மோர். உதை குறைவு, காற்றில் மன்னிக்கும், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலின் உட்புறச் சுழல்வரி நீண்ட குண்டுகளை நிலையாகச் சுழற்றும். போட்டியே முக்கியம் என்றால் .308. சிற்றூர்க் கடையிலும் .308 பெட்டி இருக்கும் என்பது அதன் இன்னொரு பலம்.

இரண்டில் எதுவானாலும் இரண்டு வகைப் பெட்டி வாங்க வேண்டியிருக்கும்: பயிற்சிக்குப் போட்டிக் குண்டு, மானுக்கு வேட்டைக் குண்டு. இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று நம்பாதீர்கள். 100 மீட்டரிலேயே 2 முதல் 5 செமீ விலகல் சாதாரணம். .308இல் 168 போட்டிக் குண்டுக்கு 165 அல்லது 168 கிரெய்ன் வேட்டைக் குண்டும், 6.5இல் 140க்கு 143உம் ஜோடியாக எடுத்தால் விலகல் குறையும், முற்றிலும் போகாது. கடைசி ஜீரோ எப்போதும் மானுக்கான தோட்டாவில் இருக்க வேண்டும். பெட்டிக்கு 20 தோட்டா. வேட்டைக் குண்டில் இரண்டு பெட்டியாவது ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் வாங்குங்கள். தொகுதி மாறினால் மருந்தின் வேகமும் சற்று மாறும், படும் இடமும் நகரும்.

சிங்கப்பூரில் இருக்கும்போது இந்தத் தோட்டாக்களை விருப்பம்போல் சுட முடியாதே என்று வருந்த வேண்டாம். .22 எல்ஆர் இருக்கிறது. ஜாஸ்மின் செர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிளில் தங்கம் வென்றதும், மார்ட்டினா வெலோசோ 2018 கோல்டு கோஸ்டில் 50 மீட்டர் படுநிலையில் வென்றதும் இந்தச் சின்னத் தோட்டாவில்தான். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10.4 மிமீ. அதை அடிக்கப் பழகிய விரலுக்கு 200 மீட்டரில் மானின் நுரையீரல் பெரிய இலக்கு. 40 கிரெய்னில், நொடிக்கு 320, 330 மீட்டர் வேகமுள்ள ஸ்டாண்டர்டு வகையை எடுங்கள். 'ஹை வெலாசிட்டி' வகை வழியிலேயே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது சிதறலைக் கூட்டும். படுத்துச் சுடுவதோடு நிறுத்தாமல் உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுடுங்கள், மலைச்சரிவில் படுக்க இடம் எப்போதும் கிடைக்காது.

வேட்டைக் குடிலில் கவனிக்க வேண்டியது தோட்டாக் கலப்பு. மேசையில் நாலு பேருடைய பெட்டிகள் இருக்கும், எல்லாம் ஒரே அடிவிட்டம், பார்க்க ஒன்றுபோல். 7 மிமீ-08 தோட்டா .308 ரைஃபிளில் நுழையும், வெடிக்கவும் செய்யும், கூடு பிதுங்கி குண்டு எங்கோ போகும். எல்லாவற்றிலும் மோசம், .223இன் கூட்டை வெட்டிச் செய்த .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 ரைஃபிளில் போடுவது: 7.8 மிமீ குண்டு 5.7 மிமீ துளைக்குள் போக முடியாமல் அழுத்தம் ஏறி ரைஃபிளே சிதறிவிடும், முகமும் கையும் போகும். 5.56 என்று பொறித்த தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த குழலில் போடுவதும் வேண்டாம், அழுத்தம் அளவு மீறலாம். கூட்டின் அடிப்பக்கத்தில் பெயர் பொறித்திருக்கும். குழலின் பக்கத்தில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பார்த்த பிறகே மேகசினில் ஏற்றுங்கள், வழிகாட்டி கையில் கொடுத்ததானாலும் சரி.

தோட்டாவை வண்டியின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள். சூடேறினால் அழுத்தமும் வேகமும் கூடும். குளிரில் எதிர்மாறு: 30 டிகிரியில் அளந்த வேகம் 5 டிகிரி மலைக்காலையில் பழைய வகை மருந்தில் நொடிக்கு 10, 15 மீட்டர் குறையும். 300 மீட்டருக்குள் அது பொருட்டல்ல, அதற்கப்பால் தெரியும்.

சொந்த ரைஃபிளைச் சாங்கி வழியாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு அனுமதிகள் பல வேண்டும். அதனால்தான் இரவல் ரைஃபிளையே பரிந்துரைக்கிறேன். நியூசிலாந்தில் வருகையாளருக்கான துப்பாக்கி உரிமத்தை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்குங்கள், பொதுக் காட்டில் சுட அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வேட்டை அனுமதியும் தேவை. திரும்பும்போது நினைவுப் பொருளாக ஒரு காலிக் கூடுகூட எடுத்து வராதீர்கள், சுட்ட கூடும் உரிமம் இல்லாமல் இங்கே நுழையக் கூடாது. சுடுதளத்தை விட்டு வெளியேறும்முன் தோட்டாவோ காலிக் கூடோ தன்னிடம் இல்லை என்று தேசிய சேவையில் உரக்கச் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. மேலங்கியின் உள்பை, முதுகுப்பையின் அடி, காலணி எல்லாவற்றையும் ஹோட்டலிலேயே கவிழ்த்துப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் ஜீரோவைச் சரிபாருங்கள், வழிகாட்டி "நேற்றுத்தான் பார்த்தேன்" என்று சொன்னாலும். 100 மீட்டரில் பையின்மேல் ரைஃபிளை வைத்து, குழலை ஆறவிட்டு ஆறவிட்டு மூன்று குண்டு. மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள், ஒரு குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள். ஸ்கோப்பின் திருத்தத்தை எம்ஓஏ, மில் என்ற கோண அளவுகளில் குறிப்பார்கள்: கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மிமீ, 0.1 மில் ஸ்கோப்பில் 10 மிமீ. 200 மீட்டர் ஜீரோ வேண்டுமென்றால் 100 மீட்டரில் 6 செமீ மேலே நிறுத்திவிட்டு, முடிந்தால் 200இலேயே சுட்டு உறுதி செய்யுங்கள். மூன்று குண்டு 5 செமீக்குள் கூடாமல் சிதறினால் ஸ்கோப் வளையத்தின் திருகுகள், பிறகு கட்டையையும் குழல்பகுதியையும் இணைக்கும் திருகுகள், பிறகு ஒலியடக்கியின் மரை என்ற வரிசையில் பாருங்கள். தோட்டாவைக் குறை சொல்வது கடைசியில்.

அதன்பிறகு 20 செமீ தட்டு ஒன்றை வைத்து, பையை எடுத்துவிட்டு, மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, ஊன்றுகோலிலோ உட்கார்ந்தோ, ஐந்து குண்டு சுடுங்கள். 100 மீட்டரில் ஐந்தும் தட்டில் விழுந்தால் 150க்குப் போங்கள், பிறகு 200. ஐந்தில் ஒன்று தவறும் தூரத்துக்கு முந்தையதுதான் உங்கள் எல்லை. அந்த எண்ணை வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப மானை எவ்வளவு நெருங்க வேண்டும் என்று அவர் திட்டமிடுவார்.